ஒரே சனிக்கிழமை, இரண்டு குடும்பங்கள்: ஹோம்ஸ்டே முன்பதிவு கற்றுத் தந்த பாடம்

மதியம் மூன்று மணி. ஈப்போவிலிருந்து வந்த குடும்பம் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியது. பத்து நிமிடம் கழித்து, குளுவாங்கிலிருந்து வந்த இன்னொரு குடும்பமும் அதே வாசலில் வண்டியை நிறுத்தியது. இரண்டு குடும்பங்களும் அன்றிரவுக்கு அந்த வீட்டைத்தான் முன்பதிவு செய்திருந்தன. இருவரிடமும் ஆதாரம் இருந்தது. ஈப்போக்காரரிடம் முன்பதிவுத் தளம் அனுப்பிய உறுதிச் செய்தி. குளுவாங் அக்காவிடம் என் அம்மா புலனத்தில் அனுப்பிய குரல் பதிவு: "சரிம்மா, வாங்க."

நான் அப்போது பாங்கியில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். அம்மா அழைத்தார். "பாப்பா, ரெண்டு வண்டி வந்து நிக்குது. நான் யார் கையில சாவியக் கொடுக்கறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தவறு என்னுடையது என்பது மட்டும் தெரிந்தது. தளத்தில் வீட்டைப் பதிந்தவள் நான். அம்மா தனியாகப் புலனத்தில் ஆள் எடுக்கிறார் என்று தெரிந்தும், இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஒரு வழி செய்யாதவளும் நான்தான்.

அது பள்ளி விடுமுறைக் காலம். மலாக்காவில் வேறு இடம் கிடைப்பது எளிதல்ல. அடுத்த வரிசையில் இரண்டு வீடுகளை வாடகைக்கு விடும் மக்சிக் ஒருவரிடம் அம்மா ஓடினார். நல்ல வேளையாக ஒரு வீடு காலியாக இருந்தது. ஆனால் வாடகை 120 வெள்ளி கூடுதல். யார் போவது? முறைப்படி பார்த்தால் குளுவாங் அக்காதான் முதலில் பதிந்தவர். ஈப்போ வண்டியிலோ சக்கர நாற்காலியோடு ஒரு பாட்டி இருந்தார். குளுவாங் அக்காவே சொன்னார்: "பரவால்லக்கா, பாட்டிய வச்சிக்கிட்டு அவங்க எங்க அலைவாங்க? நாங்க அந்த வீட்டுக்குப் போய்க்கறோம்." 120 வெள்ளியை நாங்கள் கட்டினோம். அந்த வார வருமானத்தில் பெரும்பகுதி அதிலேயே போனது.

பூட்டிக் கிடந்த வீடு

அந்த வீடு டுரியான் துங்கல் பக்கம் உள்ள ஒரு தாமானில் இருக்கிறது. தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தா, ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் எழுந்தது இந்த மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் சிறு வீடுகளை வாங்கின. பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். பெரியவர்களின் காலத்துக்குப் பிறகு அந்த வீடுகளில் சில பூட்டியே கிடக்கின்றன.

எங்கள் வீடும் அப்படித்தான். தாத்தா இறந்த பிறகு பாட்டி ஆயர் குரோவில் எங்களோடு வந்துவிட்டார். வீட்டுக்கு நிலவரி, மதிப்பீட்டு வரி, பழுதுச் செலவு என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. மாமா விற்றுவிடலாம் என்றார். பாட்டி வாய் திறக்கவில்லை. "ஒரு வருஷம் ஹோம்ஸ்டேயா விட்டுப் பாப்போம்," என்று நான்தான் சொன்னேன். ஆகவே அந்தச் சனிக்கிழமை ஆபத்தில் இருந்தது 120 வெள்ளி மட்டுமல்ல. அன்று மாலையே மாமா அழைத்து, "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது. ஏஜண்டுகிட்ட கொடு, இல்ல வித்துரு," என்றார்.

மலாக்காவில் விருந்தினருக்குக் குறைவில்லை. பருவக்காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் இங்கே தங்கியிருந்த 15ஆம் நூற்றாண்டிலேயே, அவர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். எந்தக் கப்பலின் சரக்குக்கு எந்தக் கிடங்கு என்று ஒதுக்குவதும் அவர்கள் வேலை. ஒருவகையில் அதுவும் முன்பதிவு நிர்வாகம்தான். 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. வார இறுதியில் ஜோங்கர் தெருவுக்கு வருபவர்கள், பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர், சன்னாசிமலை மாசி மகத்துக்கு வரும் நம் மக்கள், திருமணத்துக்கு வரும் சொந்தங்கள் என்று தங்க இடம் தேடுவோர் பலர். எங்கள் குறை ஆள் இல்லாதது அல்ல; கணக்கு இல்லாதது.

பாட்டியின் கேள்வி

அன்றிரவு நடந்ததையெல்லாம் கேட்ட பாட்டி ஒன்று கேட்டார். "தோட்டத்துல அத்தன பேருக்கும் ஒரே செக்ரோல்தான். கிராணி ஒருத்தர்தான் பேர் போடுவாரு. அதுல பேர் இல்லன்னா சம்பளம் இல்ல. ஒத்த வீட்டுக்கு உங்களுக்கு மூணு நோட்டா?"

உண்மையில் எங்களிடம் மூன்று நோட்டுகள் இருந்தன. சமையலறைச் சுவரில் அம்மாவின் நாட்காட்டி, என் கைப்பேசியில் தளத்தின் நாட்காட்டி, அம்மாவின் புலன உரையாடல்கள். மூன்றும் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

இந்தச் சிக்கல் எங்கள் வீட்டோடு பிறந்ததல்ல. 1950களில் அமெரிக்க விமான நிறுவனங்களும் இருக்கை முன்பதிவை அட்டைகளில் எழுதி, பெட்டிகளில் அடுக்கித்தான் நடத்தின. ஒரே இருக்கை இருவருக்கு விற்கப்படுவதும், காலி இருக்கையோடு விமானம் பறப்பதும் நடந்தன. அமெரிக்கன் ஏர்லைன்சும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' என்ற கணினி முறை 1960களில் நடைமுறைக்கு வந்த பிறகே அந்த நிறுவனத்தில் நிலைமை மாறியது. அதன் அடிப்படை எளிமையானது: எங்கிருந்து கேட்டாலும் பதில் ஒரே பதிவேட்டிலிருந்து வர வேண்டும். பாட்டி சொன்னதும் அதைத்தான்.

விற்பது நாளை அல்ல, இரவை

முதலில் ஒரு பொது நாட்காட்டியைத் திறந்தோம். கூகல் நாட்காட்டி இலவசம். அம்மா, நான், துப்புரவுக்கு வரும் அக்கா மூவரின் கைப்பேசியிலும் அது தெரியும். ஆனால் எழுதும் உரிமை எனக்கு மட்டும். கிராணி ஒருவர்தான்.

அடுத்துத் தேதிக் கணக்கு. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 5ஆம் தேதி வந்து 7ஆம் தேதி போகிறவர் மூன்று 'நாள்' இருப்பதுபோல் தோன்றும். நாம் விற்பது இரண்டு இரவுகளைத்தான்: 5, 6. ஏழாம் தேதி இரவு காலி. அதை நாட்காட்டியில் அடைத்துவிட்டால் ஒரு நாள் வருமானம் வீண்.

இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்க ஒரு சிறு விதி உண்டு. கணிதப் பாடத்தில் சமனின்மை படித்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். புதியவர் வரும் தேதி பழையவர் போகும் தேதிக்கு முந்தியதாக இருந்து, புதியவர் போகும் தேதி பழையவர் வரும் தேதிக்குப் பிந்தியதாகவும் இருந்தால் மோதல். இரண்டில் ஒன்று பொய்யானாலும் மோதல் இல்லை. 5 முதல் 7 வரை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 7 முதல் 9 வரை கேட்கிறார். 7 என்பது 7க்கு முந்தியதல்ல. ஆகவே தாராளமாகக் கொடுக்கலாம். இன்னொருவர் 6 முதல் 8 வரை கேட்கிறார். 6 என்பது 7க்கு முந்தியது. 8 என்பது 5க்குப் பிந்தியது. கொடுக்க முடியாது.

ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வீட்டைப் போடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தளங்களின் நாட்காட்டிகளை ஓர் இணைப்பு முகவரி மூலம் ஒன்றோடொன்று இணைக்கலாம். ஆனால் அவை உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. சில மணி நேரம் பிந்தலாம். அந்த இடைவெளியில் இன்னொருவர் பதிந்துவிட முடியும். ஆகவே நேரடியாக ஒருவர் கேட்டால், முதலில் எல்லாத் தளங்களிலும் அந்தத் தேதியைக் கையால் அடைக்க வேண்டும். பிறகுதான் "சரி, வாங்க" என்று பதில் சொல்ல வேண்டும். நாங்கள் செய்த தவறு இந்த வரிசையை மாற்றியதுதான்.

"சரிம்மா, வாங்க" முன்பதிவு ஆகாது

இப்போது எங்கள் நாட்காட்டியில் மூன்று நிறங்கள் உண்டு. விசாரித்தவர் மஞ்சள்; அவருக்காகத் தேதியை அடைப்பதில்லை. முன்பணம் கட்டுவதாகச் சொன்னவர் ஆரஞ்சு. அன்றிரவு ஒன்பது மணி வரை அவருக்காகத் தேதியை நிறுத்தி வைப்போம். பாதி வாடகை வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால் பச்சை. பச்சையாகாதவரை யாருக்கும் வீடு உறுதியில்லை என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுகிறோம்.

அம்மாவுக்கு இது தொடக்கத்தில் சங்கடமாக இருந்தது. "நம்ம ஆளுங்ககிட்ட போயி காசு முன்னாடியே கேக்கறதா?" என்றார். உறுதியாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்பது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவருக்கே புரிந்தது. முன்பணம் கட்டியவருக்குத் தன் வீடு பத்திரம் என்ற நிம்மதி. கட்டாதவர் வேறு வீடு பார்க்கலாம்.

பணம் வந்துவிட்டதா என்பதை அனுப்பியவரின் ரசீதுப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். படத்தைத் திருத்துவது எளிது. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டியூட்நவ் வழியாக வரும் பணம் வழக்கமாக உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறேன். அதன் தமிழ் வடிவம் இதுதான்: "வணக்கம். நீங்கள் கேட்ட வெள்ளி, சனி இரண்டு இரவுகளும் காலியாக உள்ளன. மொத்த வாடகை 500 வெள்ளி. எட்டுப் பேர் வரை தங்கலாம்; இரண்டு வண்டிகள் நிறுத்தலாம். வரும் நேரம் மாலை 3, புறப்படும் நேரம் மதியம் 12. இன்றிரவு 9 மணிக்குள் 250 வெள்ளி முன்பணம் செலுத்தினால் உறுதி. ஏழு நாளுக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." பிறகு எழும் சண்டைகளில் பாதி இந்தச் சில வரிகளிலேயே தீர்ந்துவிடுகிறது. இரு மொழிப் பள்ளியில் படித்ததன் பயனை நான் முழுதாக உணர்ந்தது தேர்வில் அல்ல, இந்தச் செய்தியை மூன்று மொழியிலும் மரியாதை குறையாமல் எழுதியபோதுதான்.

சொந்தக்காரர்கள் தனிக் கதை. "மாமா வீடுதானே, ஒரு ராத்திரி தங்கிக்கறோம்," என்பார்கள். வாடகை வாங்குவதா வேண்டாமா என்பது அம்மாவின் முடிவு. ஆனால் இலவசமாகத் தங்கினாலும் நாட்காட்டியில் பெயர் ஏற வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் கொடுக்கும் வாக்குதான் வாசலில் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நாமே பார்த்தால் என்ன மிச்சம்?

மாமா சொன்ன ஏஜண்டு வழியையும் விசாரித்தேன். எங்களிடம் பேசிய ஒருவர் வாடகையில் 25 விழுக்காடு கேட்டார். இரண்டு இரவுக்கு 500 வெள்ளி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். துப்புரவு 80, துணி வெளுப்பு 25, மின்சாரம், தண்ணீர் 30. ஆக 135 வெள்ளி எப்படியும் செலவு. தளத்தின் கழிவு 15 விழுக்காடு என்றால் அது 75 வெள்ளி. ஏஜண்டுக்கு 125 வெள்ளி. எல்லாம் போக மிச்சம் 165 வெள்ளி.

ஏஜண்டு இல்லாமல், தளத்தின் வழியே வந்தால் மிச்சம் 290 வெள்ளி. அதே விருந்தினர் அடுத்த முறை நேரடியாக நம்மை அழைத்துப் பதிந்தால் 365 வெள்ளி. 165க்கும் 365க்கும் உள்ள இடைவெளிதான் நாமே நிர்வகிப்பதன் கூலி.

கூலி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பணம் சும்மா வருவதில்லை. விரிவுரை நடக்கும்போது விசாரிப்பு வரும். இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் சூடாகவில்லை என்று அழைப்பு வரும். மதியம் 12க்கும் 3க்கும் இடையில் வீடு முழுவதையும் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். துப்புரவு அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மாதான் போக வேண்டும். வெளியூரில் இருப்பவர், பக்கத்தில் யாரும் இல்லாதவர், தேர்வுக் காலத்தில் கைப்பேசியைத் தொட முடியாதவர் ஏஜண்டிடம் கொடுப்பது தவறல்ல. நேரத்துக்கும் விலை உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் தெரியாமல் தொடங்காதீர்கள்

வருமானம் நோக்கித் தொடர்ந்து செய்தால் அது வணிகம். வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. உரிம விதிகளை உங்கள் வீடு எந்த ஊராட்சி மன்றத்தின் கீழ் வருகிறதோ அங்கே கேளுங்கள். மலாக்காவில் மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என நான்கு மன்றங்கள் இருக்கின்றன.

அடுக்குமாடி வீடு என்றால் கட்டட நிர்வாகத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். குறுகிய கால வாடகையைத் தடை செய்து விதி இயற்ற நிர்வாகக் கழகத்துக்கு உரிமை உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வணிக வருமானம் உள்ளவர் ஜூன் 30க்குள் வருமான வரிப் பாரம் அனுப்ப வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளுக்கு 2017 செப்டம்பர் 1 முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி நடப்பில் உள்ளது. உங்கள் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைச் சுங்கத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விருந்தினரின் அடையாள அட்டைப் படத்தை வாங்கினால் அதைப் பாதுகாப்பதும் உங்கள் பொறுப்பு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிக நடவடிக்கைகளுக்குப் பொருந்தும். தேவை முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். குடும்பப் புலனக் குழுவில் பகிரவே கூடாது.

விருந்தினருக்கும் பயம் உண்டு. வேறொருவர் வீட்டுப் படத்தைப் போட்டு, இல்லாத ஹோம்ஸ்டேக்கு முன்பணம் வாங்கி மறைந்துவிடும் மோசடி நம் நாட்டில் நடக்கிறது. ஆகவே ஒருவர், "வீட்டைக் காணொலியில் காட்ட முடியுமா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், காட்டுங்கள். நீங்களே வாடகைக்கு எடுக்கும்போதும் அப்படிக் கேளுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

ஓர் ஆண்டுக்குப் பிறகு

மாமா கொடுத்த ஓர் ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. நாங்கள் பணக்காரர்கள் ஆகவில்லை. மழைக்காலத்தில் சில வாரம் ஒருவரும் வரவில்லை. ஒரு முறை குளியலறைக் குழாய் உடைந்து, மாத வருமானம் முழுவதையும் விழுங்கியது. ஆனால் நிலவரியும் மதிப்பீட்டு வரியும் வீட்டின் சொந்தப் பணத்திலேயே கட்டப்பட்டன. பாட்டியின் மருந்துச் செலவும் அதிலிருந்தே போகிறது. இரட்டை முன்பதிவு அதன் பிறகு ஒரு முறைகூட நடக்கவில்லை. விற்பதைப் பற்றி மாமா இப்போது பேசுவதில்லை. தீபாவளிக்கு வீடு காலியாக இருக்குமா என்று மட்டும் கேட்கிறார்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருக்கலாம். பாட்டி வீடு இருக்கலாம். அப்பாவின் வேன், அம்மாவின் பலகாரத் தட்டு, அக்காவின் மருதாணி வேலை என்று எதற்காவது ஆர்டர் எடுப்பவர்களாகவும் நீங்கள் இருக்கலாம். எதுவானாலும் ஒரே பதிவேடு, எழுதுபவர் ஒருவர், பணம் ஏறிய பிறகே உறுதி. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு கைப்பேசியும் கொஞ்சம் ஒழுங்கும் போதும்.

சென்ற மாதம் குளுவாங் அக்காவிடமிருந்து மீண்டும் ஒரு செய்தி வந்தது. தேதியையோ விலையையோ கேட்பதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "பாப்பா, இந்த தடவ வீடு எங்களுக்கு மட்டும்தானே?"

தேதிகளை அடைத்தேன். முன்பணம் ஏறியது. பச்சை நிறத்தைப் போட்டுவிட்டுத்தான் பதில் அனுப்பினேன்: "உங்களுக்கு மட்டும்தான் அக்கா. வாங்க."